ராக்கம்மா ஆயாவுக்கு இரண்டு பலகை

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. புலத்கொஹுபிட்டிய பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்த ராக்கம்மா ஓய்வு பெறவிருந்தார்.
2. அந்தத் தோட்டத்தின் கீழ்க்கணக்கு என்னும் பிரிவின் தலைவர் எங்கள் பலகைக் கடைக்கு வந்து, அவருக்கு ஒரு நினைவுப் பலகை செய்யச் சொன்னார்.
3. அதே வாரம் மேல்கணக்குத் தலைவரும் வந்தார். அதே ஆயாவுக்கு, அதே நாளுக்கு, வேறொரு பலகை கேட்டார்.
4. இரண்டு பேரும் பலகையில் போடச் சொன்ன சொல் ஒன்றுதான்: 'ஏகமனதாக'.
5. எங்கள் முதலாளி இரண்டையும் வெட்ட, அதாவது தகட்டில் எழுத்துப் பொறிக்க, மறுத்தார்.
6. பிறகு ஆயாவே பஸ் ஏறிக் கடைக்கு வந்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் ஷிபானா. மாவனல்லையில் நான் வேலை செய்த பலகைக் கடையில் இன்று என் நாற்காலியில் இருப்பவள் அவள். போன வாரம் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். "அக்கா, இப்ப எல்லாரும் போன்ல ஏஐகிட்ட கேட்டு எழுதிக் கொண்டு வாறாங்க. ஒரே வரியில கோலாகலமாகவும் ஈக்குது, உணர்வுபூர்வமாகவும் ஈக்குது, வரலாறு காணாத வகையிலயும் ஈக்குது. தகட்டுல இடம் இல்ல. எத வெட்டுற, எத விடுற? நீங்க எப்படிப் பாத்தீங்க?"

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். ஆனாலும் பலகை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றவள்தான். திருமணமாகி இரத்தினபுரிக்கு வந்து, இப்போது நகை வடிவங்களைக் கணினியில் வரைகிறேன். இங்கே சொற்கள் கிடையாது. ஒரு கல்லைப் பொருத்தும் போது அது எப்படிப் பொருத்தப்பட்டது என்று யாரும் எழுதக் கேட்பதில்லை. அதனால் ஷிபானாவின் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். கேகாலையில் தொழில்நுட்பப் படிப்பு. அரநாயக்கப் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து காலை பஸ். எழுத்தைக் கோடாக மாற்றவும், லேசரின் வேகத்தைத் தகட்டுக்கு ஏற்ப வைக்கவும், கொம்பும் காலும் இடம் மாறாமல் தமிழ் எழுத்துருவைக் காப்பாற்றவும் கற்றுக்கொண்டேன். படித்து முடித்த உடனே ரிஸ்வி நானாவின் கடையில் வேலை கிடைத்தது. நானா என்றால் அண்ணன். முதலாளியை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன்.

நானாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் உட்கார்ந்தவுடன் பலகையின் அளவைக் கேட்க மாட்டார். விலையையும் சொல்ல மாட்டார். பால் கலக்காத ஒரு பிளேன்டீயை முன்னால் வைத்துவிட்டு, "சொல்லுங்கோ, அன்றைக்கு என்ன நடக்கப் போகுது?" என்பார்.

அது ஏன் என்று புரிய, எங்கள் தொழிலில் உள்ள ஒரு கோணலைச் சொல்ல வேண்டும். கௌரவிப்புப் பலகையில் எல்லாமே நடந்து முடிந்ததாக எழுதப்படும். 'பொன்னாடை போர்த்தி, மேளதாளம் முழங்கக் கௌரவிக்கப்பட்டார்' என்று. ஆனால் பலகை விழாவுக்கு முந்திய நாளே தயாராகி, காகிதம் சுற்றி, மேடைக்குப் போய்விடும். அதாவது நாங்கள் நடக்காத ஒன்றை நடந்ததாக வெட்டுகிறோம். பெயரும் பதவியும் எப்படியும் சரியாக இருக்கும். எப்படிக் கௌரவித்தார்கள் என்று சொல்லும் அந்த ஒரு சொல்தான் மழை பெய்தாலோ, ஆள் வராவிட்டாலோ பொய்யாகிப் போகும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு முறை அப்படி ஆயிற்று. ஒரு பள்ளிக்கூட அதிபருக்குப் பிரியாவிடை. ஏற்பாட்டாளர்கள் 'வெகு விமரிசையாக' என்று கேட்டார்கள், நான் வெட்டினேன். அந்த நாளில் மண்சரிவு எச்சரிக்கை. பந்தல் போடவில்லை, பெற்றோர் வரவில்லை. ஆசிரியர்கள் மட்டும் ஒரு வகுப்பறையில் கூடி, பலகையைக் கொடுத்துவிட்டு அவசரமாகப் பிரிந்தார்கள். சில நாள் கழித்து அந்த அதிபர் பலகையைப் பத்திரிகையில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். கோபமாக வரவில்லை. சங்கடமாக வந்தார்.

"இத மாட்டி வச்சா வீட்டுக்கு வர்றவங்க எவ்வளவு சனம் வந்துச்சுன்னு கேக்குறாங்க. நான் ஒவ்வொருத்தருக்கும் மழைக் கதைய சொல்ல வேண்டியிருக்கு. இந்த ஒரு சொல்ல மட்டும் அழிச்சுத் தர ஏலுமா?"

தகட்டில் வெட்டியதை அழிக்க முடியாது. நானா காசு வாங்காமல் புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். அதில் 'உடன் பணியாற்றியோரால் அன்போடு' என்று இருந்தது. அந்த அன்புக்கு மழை ஒரு தடையாக இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பிளேன்டீயும் கேள்விகளும். எங்கே வைக்கிறீர்கள், வருவது உறுதியான ஆட்கள் யார், பொன்னாடையை யார் கையால் போர்த்துவீர்கள், மேளக்காரருக்குச் சொல்லியாகிவிட்டதா. பதில்களைக் கேட்டுக்கொண்டு நான் சொல்லைத் தேடுவேன்.

தேட வசதியாகச் சொற்களைக் கணினியில் மூன்று வகையாகப் பிரித்து வைத்தேன். கண்ணுக்குத் தெரிபவை: மாலை சூட்டி, ஊர்வலமாக, குத்துவிளக்கேற்றி. காதுக்குக் கேட்பவை: மேளதாளம் முழங்க, கரகோஷத்துடன். மனதுக்குள் இருப்பவை: நன்றியுடன், பெருமையுடன், மனமார. முதல் இரண்டு வகையிலும் சந்தேகம் வந்தால் விசாரிக்கலாம். மூன்றாவதில் கேட்பவரின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சிங்கள ஆசிரியை தன் தமிழ்த் தோழிக்குப் பலகை கேட்டு வந்து, "ஹதவதின்ம" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். நான் 'இதயபூர்வமாக' என்று தட்டினேன். நானா எட்டிப் பார்த்தார். "அவ சொன்னது வீட்டுல பேசுற சொல்லு புள்ள. நீ போட்டது பேப்பர்ல வார சொல்லு" என்றார். 'மனமார' என்று மாற்றினேன். ஆசிரியைக்கு வாசித்துக் காட்டியபோது அவர் அந்தத் தமிழ்ச் சொல்லைத் தானும் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

இனி ராக்கம்மா கதை.

எங்கள் தோட்டங்களில் டிவிஷனைக் கணக்கு என்போம். அந்தத் தோட்டத்தில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு. தேர் முதலில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற வழக்கில் இரண்டும் பிரிந்து, கோயில் கமிட்டியும் இரண்டாகியிருந்தது. கல்யாணத்துக்குக்கூட ஒரு பக்கத்தார் மறுபக்கம் போவதில்லை. ஆனால் பிள்ளைக்காம்பரா ஒன்றுதான். தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போகும் போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. இரண்டு கணக்குப் பிள்ளைகளும் ஒரே தொட்டில் வரிசையில், ராக்கம்மாவின் கையில்தான் வளர்ந்தார்கள்.

கீழ்க்கணக்குத் தலைவர் சிவலிங்கம் முதலில் வந்தார். 'தோட்ட மக்களால் ஏகமனதாகக் கௌரவிக்கப்பட்டார்' என்று எழுதியே கொண்டு வந்திருந்தார். நானா பிளேன்டீ வைத்தார்.

"மேல்கணக்கு ஆக்களும் வாறாங்களா?"

"வராட்டி அவங்க தோட்ட சனம் இல்லன்னு ஆயிரும். நீங்க போடுங்க நானா."

அடுத்து மேல்கணக்கு மருதை வந்தார். அவருடைய வாசகம் போனில் இருந்தது. வாசித்துப் பார்த்து நானும் நானாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாள் அதுவே, நேரமும் அதுவே. இடம் மட்டும் வேறு.

"கீழ்க்கணக்குலயும் ஒரு விழா ஈக்குதாமே?" என்றார் நானா.

"அது விழா இல்லைங்க. போட்டிக்கு வச்ச கூத்து. ஆயா எங்க பக்கம்தான் வரும். மக எங்க கணக்குலதானே வாழுது."

அவர் போன பிறகு நானா இரண்டு வாசகத்தையும் மேசையில் அருகருகே வைத்தார். "ரெண்டு பேரும் ஒரே மனசாம். எனக்கென்ன, ரெண்டு பலகைக்கும் சல்லி வரும். ஆனா அந்தப் பொம்பள இத எங்க மாட்டுவா, சொல்லு?" என்றார். இருவருக்கும் அழைத்து, அந்தச் சொல்லை வெட்ட முடியாது என்று சொன்னார். கேகாலையில் கடை இல்லையா என்று மருதை கேட்டார். சிவலிங்கம் போனை வைத்துவிட்டார்.

இரண்டு நாளில் ராக்கம்மா வந்தார். மெலிந்த, நிமிர்ந்த பெண். பலகைகள் அடுக்கிய சுவரை நின்று பார்த்துவிட்டு, நான் நாற்காலியைக் காட்டிய பிறகு உட்கார்ந்தார்.

"பலக வெட்ட மாட்டேன்னு சொன்ன நானா நீங்கதானுங்களா?"

"நான்தான் தங்கச்சி. குறையா நினைக்க வாணாம்."

"குறை ஒண்ணும் இல்லைங்க. நல்லதுதான் செஞ்சீங்க. ஆனா அவங்க வேற கடையில வெட்டிக்குவாங்க. நான் குடியிருக்கிறது கீழ்க்கணக்கு லயத்து வீட்டுல. மகள மேல்கணக்குலதான் குடுத்திருக்கேன். ஒரு பக்கம் போய் நின்னா மறுபக்கம் என் மூஞ்சியில முழிக்காது. என் மக வீட்டு வாசல மிதிக்க ஏலாம ஆயிரும். பேரப்புள்ள பொறந்து இன்னும் மொட்டை போடல."

"ரெண்டுக்கும் போகாம விட்டா?" என்று நான் கேட்டேன்.

"அப்ப ரெண்டு பக்கமும் சேந்து கோவிக்கும். அதுல மட்டும் ஒத்துமையா இருப்பாங்க" என்றார் சிரிக்காமல். நானாதான் சிரித்தார்.

பிறகு அவர் வந்த காரியத்தைச் சொன்னார். அந்த நாளிலும் தனக்கு வேலை இருக்கிறது, புது ஆயா அடுத்த மாதம்தான் வருகிறாள். பாலை எடைபோட்டு முடிந்து தாய்மார் பிள்ளை தூக்க வரும் நேரத்தில் இரண்டு கணக்குச் சனமும் எப்படியும் காம்பரா வாசலுக்கு வரும். கொடுப்பதை அங்கே வந்து கொடுக்கட்டும். "இத நான் சொன்னா, எந்தப் பக்கம் சொல்லிக் குடுத்துச்சுன்னு கேப்பாங்க. நீங்க வெளி ஆளு. நீங்க சொல்லுங்க."

நானா தாடியைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுக்கு இடம் விட்டு வெட்ட ஏலுமா?" என்று கேட்டார்.

ஏலும் என்றேன். என் வகைப்படுத்தலில் மிக நீளமான சொல்லுக்குப் போதுமான இடத்தை அளந்தேன். மீதியை இரண்டு பலகையிலும் லேசரில் வெட்டினேன். 'தோட்ட மக்களால்' என்பதற்கும் 'கௌரவிக்கப்பட்டார்' என்பதற்கும் நடுவில் வெறும் தகடு மினுங்கியது. விடுபட்ட அந்தச் சொல்லைக் காம்பரா வாசலிலேயே, கையில் பிடித்து வெட்டும் சின்ன மெஷினால் நான் போடுவதாக ஏற்பாடு.

நானா இரண்டு தலைவர்களுக்கும் மறுபடி அழைத்தார். "ஆயா காம்பராவ விட்டு வர மாட்டா. நீங்க எந்தக் கடையில வெட்டினாலும் அங்கதான் போய்க் குடுக்க வேணும். எங்கட பலகை அங்க வரும். நடந்தத நடந்த மாதிரி போட்டுத் தருவோம்." இருவரும் முணுமுணுத்தார்கள். மறு கணக்கு அங்கே போய் நின்றால் தாம் எப்படிப் போகாமல் இருப்பது என்ற யோசனைதான் இருவரையும் சம்மதிக்க வைத்தது என்று நினைக்கிறேன்.

அன்று நான் போனபோது காம்பரா வாசலில் சனம் இரண்டு பகுதியாக நின்றது. நடுவில் ஒரு பாதை அளவு இடைவெளி. பெண்கள் வேலை உடுப்போடு வந்திருந்தார்கள், ரப்பர் பாலின் புளித்த வாடை எங்கும் இருந்தது. உள்ளே சில பிள்ளைகள் தூங்கின, சில அழுதன. ராக்கம்மா வழக்கம்போல ஒவ்வொரு தாயையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவளுடைய பிள்ளையை முகம் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரையும் அவர் அவசரப்படுத்தவில்லை.

சிவலிங்கமும் மருதையும் ஆளுக்கொரு பொன்னாடையோடு படியில் ஏறினார்கள். ஏறி, நின்றுவிட்டார்கள். யார் முதலில் போர்த்துவது?

"தோட்டத்துல மொதல்ல லயம் கட்டுனது எங்க கணக்குல" என்றார் மருதை.

"தேருக்குச் சொன்ன கதையவே இங்கயும் எடுக்காதீங்க" என்றார் சிவலிங்கம்.

"நீங்க எடுக்கலாம், நாங்க எடுக்கக் கூடாதா?"

பின்னால் ஆட்கள் நெருங்கி வந்தார்கள். நான் பலகைகளைப் பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டேன். ராக்கம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் மகள் இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு தாய் குரல் கொடுத்தாள். "அண்ணே, எம்புள்ள பசியில கத்துது. போர்த்துறத போர்த்திட்டு வழிய விடுங்க. நீங்க ரெண்டு பேரும் இங்கயே தங்கிப் பேசுங்க, தொட்டில் காலியாத்தான் இருக்கு."

இரண்டு பக்கமும் சிரித்தது. பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போர்த்துவதைப் பார்க்கப் படியை நோக்கி நகர்ந்தார்கள், இடைவெளி அடைபட்டுப்போனது. தலைவர்கள் இருவரும் தள்ளுப்பட்டு மேலே ஏறினார்கள். ராக்கம்மாவின் கையில் கடைசியாக ஒரு பிள்ளை இருந்தது, அதன் தாய் இன்னும் வந்து சேரவில்லை. பிள்ளையைக் கீழே விட அவருக்கு மனமில்லை. அப்படியே நின்றார். இரண்டு பொன்னாடையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அவர் தோளில் விழுந்தன, பிள்ளையும் சேர்ந்து மூடுண்டது. அது கையை வெளியே நீட்டிச் சிவலிங்கத்தின் பொன்னாடையின் சரிகையைப் பிடித்து வாயில் வைத்தது.

"மேல்கணக்குப் புள்ளதான் அது. பாருங்க, நம்ம சால்வையத்தான் இழுக்குது" என்றாள் ஒரு கீழ்க்கணக்குப் பெண். மருதைகூடச் சிரித்தார்.

நான் வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து பலகைகளை மடியில் வைத்தேன். சிவலிங்கம் குனிந்தார். "அந்தச் சொல்லையே போடும்மா. ரெண்டு பேரும்தான் வந்துட்டோமே." இந்த ஒரு விஷயத்தில் மருதையும் அவருக்குத் தலையாட்டினார்.

போட்டிருக்கலாம். யாரும் தப்பு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் இருவரும் அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் சொற்களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டினேன். கோலாகலமாக: இல்லை. மேளதாளம் முழங்க: மேளம் வரவில்லை. பெருமையுடன்: யாருடைய பெருமை என்று நாளைக்குச் சண்டை வரும். அன்புடன்: உண்மைதான், ஆனால் எந்தப் பலகைக்கும் பொருந்தும். ராக்கம்மாவையே பார்த்துக் கேட்டேன். "அம்மா, உங்களுக்கு என்ன போட?"

"எனக்கு வாசிக்கத் தெரியும் மக. பொய் போடாத. அதுக்காக யாரயும் கொறவாவும் போட்டுறாத."

அவர் அதைச் சொன்னபோதும் அந்தப் பிள்ளை அவர் தோளில்தான் இருந்தது. இரண்டு பொன்னாடைக்கும் நடுவில் அதன் தலை தெரிந்தது. நான் மெஷினை எடுத்தேன். 'கையில் பிள்ளையோடு' என்று முதல் பலகையில் வெட்டினேன். துகளை ஊதிவிட்டு இரண்டாவதிலும் அதையே வெட்டினேன். கை எழுத்தென்பதால் லேசர் எழுத்தைப் போல் நேராக வரவில்லை.

மருதை பலகையை வாங்கிச் சத்தமாக வாசித்தார். "தோட்ட மக்களால் கையில் பிள்ளையோடு கௌரவிக்கப்பட்டார்." மறுபடி வாசித்தார். "இப்பிடி ஒரு சொல்ல எந்தப் பலகையிலயும் பாத்ததில்லையே."

"நான் அப்பிடித்தானே நின்னேன்" என்றார் ராக்கம்மா.

சிவலிங்கம் என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார். "அவங்களுதுலயும் இதேதானா?"

"இதேதாங்க."

"எழுத்து சைஸ்?"

"அதுவும் ஒண்ணுதான்."

அவர் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒன்றை மருதையிடம் கொடுத்தார். இருவரும் சேர்ந்து கொடுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவர் கொடுத்து முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார். அன்று அது போதுமாக இருந்தது. கடைசியாக ஓடிவந்த அந்தப் பிள்ளையின் தாய், கூட்டத்தைப் பார்த்துப் பயந்து, "எம்புள்ளைக்கு என்னாச்சு?" என்று அழத் தொடங்கியதும், அவளைச் சமாதானப்படுத்துவதில் இரண்டு கணக்குப் பெண்களும் இறங்கிவிட்டார்கள்.

வரும் வழியில் நானாவுக்கு அழைத்துச் சொன்னேன். சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னார். "கையில் பிள்ளையோடு" என்றேன். "சரி புள்ள, வா. உனக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்றேன்" என்றார். அவர் என்னைப் பாராட்டிய முறை அதுதான். எப்படிப் பாராட்டினார் என்று எழுதச் சொன்னால் எனக்கு அந்தச் சோறுதான் ஞாபகம் வரும்.

அந்தக் கடைக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரிது. மாதச் சம்பளத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒருவரை வாழ்த்துமுன் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை அங்கேதான் பழகினேன். என் கல்யாணத்துக்கு நானா ஒரு பலகை செய்து வைத்திருந்தார். சொல்லுக்கு இடம் விட்டிருந்தார். விருந்து முடிந்து, என் கணவர் வீட்டார் நானாவின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான், அந்தச் சின்ன மெஷினைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். 'சொந்தங்களோடு' என்று வெட்டினார். அது எங்கள் வீட்டின் முன்னறையில் இருக்கிறது.

ஷிபானா, உன் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். போனில் வரும் வாசகத்தைக் குறை சொல்லாதே, அவர்களும் நல்லதை நினைத்துத்தான் கேட்டு வாங்குகிறார்கள். பிளேன்டீ வை. அன்றைக்கு என்ன நடக்கப் போகிறது என்று கேள். பதில் வராவிட்டால் இடம் விட்டு வெட்டு.

நானா இப்போது வாரத்தில் பாதி நாள்தான் கடைக்கு வருகிறார். கை மெஷின் ஷிபானாவிடம் இருக்கிறது. ராக்கம்மாவின் பேரனுக்கு மொட்டை போட்டாகிவிட்டது, மகள் வீட்டில்தான் நடந்தது. இரண்டு கணக்கும் இன்னும் தனித்தனியாகத்தான் திருவிழா வைக்கின்றன. ராக்கம்மா இரண்டுக்கும் போகிறார்.